ஐந்து பேர் வரும்வரை

முதல் சாட்சியத்தை மொழிபெயர்த்து முடித்த அன்று மத்தியானம் மூன்று மணிக்கு நல்லம்மாளின் இடது கன்னத்தில் ஐந்து விரல் தடம் எழும்பியது. அவளை யாரும் அடிக்கவில்லை. அடிக்க வீட்டில் ஆளும் கிடையாது; முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகாமல், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். எதிரே உட்கார்ந்து சாட்சி சொன்ன கிள்ளான் இராஜம்மாவின் கன்னத்தில் அதுவரை இருந்த தடம் அதே நேரத்தில் மறைந்துபோயிற்று. இது நடந்தது 1979ஆம் வருஷம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், அப்படி இருந்த நாட்கள் ரொம்பக் கொஞ்சம்.

அந்தக் குழு, வீட்டுக்குள் அடிபடும் பெண்களின் குறைகளைக் கேட்டு, என்ன சட்டம் செய்யலாம் என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பதற்காக அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் ஐந்து பேராவது நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கூட்டம் என்று பெயர். நாலு பேர் இருந்தால் அன்றைக்குச் சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு. நாடாளுமன்றக் கட்டடத்தில் அறை கேட்டார்கள். இதோ தருகிறோம் அதோ தருகிறோம் என்று ஆறு மாதம் இழுத்தடித்து, கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியைப் பிடித்துக் கொடுத்தார்கள். கீழேயிருந்து நெத்திலிக் கருவாட்டு வாசம் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் தலைவர் தூதராகிப் போனார். இரண்டாமவர் தேர்தலில் தோற்றார். மூன்றாமவர் பெண்கள் முன்னேற்ற மாநாடு ஒன்றுக்கு வெளிநாடு போனார். அது முடியும் அன்று பக்கத்து ஊரில் இன்னொரு மாநாடு தொடங்கியது, அது முடியும் அன்று இன்னொன்று. இப்படியே போய்க்கொண்டிருந்ததால் அவர் திரும்பவே இல்லை. இது எந்த அமைச்சின் தலையில் விழ வேண்டிய வேலை என்பதில் வேறு தகராறு. ஓர் அமைச்சு இது சமூக நலம் என்றது, அடுத்தது இது சட்டம் என்றது, அதற்கும் அடுத்தது இது அவரவர் வீட்டு விஷயம் என்று கோப்பைத் திருப்பி அனுப்பியது. ஒருநாள் கூடத் தவறாமல் வந்தவர் புவான் ஜமிலா, அதாவது திருமதி ஜமிலா, மட்டும்தான். வடக்கே நெல்வயல் தொகுதிக்காரர், முன்னாள் ஆசிரியை. குடையையும் ரொட்டிப் பொட்டலத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நல்லம்மாள் கோர்ட்டில் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. சாட்சி "என்னை அடிச்சாரு" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் "இவரை அடித்தாராம்" என்று சொல்லக் கூடாது. "என்னை அடித்தார்" என்றுதான் சொல்ல வேண்டும். சாட்சியின் "நான்" மொழிபெயர்ப்பாளர் வாயிலும் "நான்"தான். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அழக் கூடாது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சொல் கூட்டியதில்லை என்பது அவளுக்குப் பெரிய பெருமை. கோர்ட்டில் திருடனுக்கும் குடிகாரனுக்கும் "நான்" சொல்லியிருக்கிறாள், உடம்பில் ஒன்றும் ஏறவில்லை. இங்கே மட்டும் ஏன் ஏறியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. குழுவின் கிளார்க் இராமலிங்கம் அன்றைய கூட்டக் குறிப்பில் "மொழிபெயர்ப்பாளரின் கன்னத்தில் மூன்று மணி அளவில் வீக்கம் காணப்பட்டது, கூட்டம் மூன்றேகாலுக்கு முடிந்தது" என்று டைப் அடித்து வைத்தார். அவருக்கும் ஒரு சொல் கூட்டிப் பழக்கமில்லை.

செய்தி பரவ எத்தனை நாள் ஆகும்? அம்பாங்கிலிருந்து வந்தார்கள், செலாயாங்கிலிருந்து வந்தார்கள், கிள்ளான் பஸ்ஸில் ஏறி ரப்பர் கையுறை ஃபேக்டரிப் பெண்கள் ஷிப்ட் முடிந்த கையோடு வந்தார்கள். சட்டம் வரும் என்று நம்பி வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். மற்றவர்கள் வந்தது தடத்தைக் கழற்றிவைக்கத்தான். மறுநாள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், தங்கச்சி கல்யாணத்துக்குப் போகணும், முகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு முகம் துடைத்தாற்போல இறங்கி வருவார்கள். நல்லம்மாள் முழுக்கை ரவிக்கைக்கு மாறினாள், பிறகு கழுத்து மூடிய ரவிக்கைக்கு. சாதாரணத் தடம் என்றால் நாலு நாளில் பச்சையாகி மஞ்சளாகி மறையும். இவை போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தன. சூடு வைத்தது, பெல்ட்டின் கொக்கி, உடைந்த விலா எலும்பு எல்லாம் வந்து சேர்ந்தன. நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். வலிக்கிறது என்று அவள் விண்ணப்பம் எழுதினாள். இது வேலை விவரப் பட்டியலில் வராது என்று பதில் வந்தது, இரண்டு நாள் லீவும் கூடவே.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சாட்சிப் படிவத்தில் மூன்றாவது கட்டம் புருஷன் பெயர். அதைச் சாட்சி தன் வாயால் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லி எழுதக் கூடாது. நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வார்களா? பல்லை உடைத்தவன் பெயர் என்றாலும் பெயர் பெயர்தான், சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று ஒரு பயம். "வீட்டுல இருக்கறவரு" என்பார்கள், "எங்க மூத்தவளோட அப்பா" என்பார்கள், அதற்கு மேல் போக மாட்டார்கள். முதல் நாள் இராஜம்மாவைக் கேட்டபோது அவள் பத்துமலைக் கோயில் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு தன் முகத்தைத் தொட்டு, விரல் விட்டு ஆறு எண்ணினாள். எண்ணி முடித்ததும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அறையில் இருந்த தமிழர் இருவருக்கும் பெயர் புரிந்துபோயிற்று. நல்லம்மாள் மேசைப் பக்கம் திரும்பி, "நான் என் முகத்தைத் தொட்டு ஆறு எண்ணுகிறேன்" என்று மொழிபெயர்த்தாள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு படிவத்திலும் அது காலிதான்.

இராமலிங்கம் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"மிஸ், பேரு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எழுதிட்டா என்னலா? யாரு வந்து கேக்கப் போறா?"

"அவ சொல்லல. அவ சொல்லாதத நான் சொன்னா, அப்புறம் அவ சொன்னதயும் யாரும் நம்ப மாட்டாங்க அண்ணே."

சரியான பதில்தான். ஆனால் அந்தச் சரியான பதிலால் நூற்றுப் பன்னிரண்டு படிவமும் பெயரில்லாமல் நின்றன. பெயரில்லாத சாட்சியத்தை அறிக்கையில் சேர்க்க முடியாது என்று சட்ட அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அறிக்கை அட்டையும் பொருளடக்கமுமாக அலமாரிக்குள் போயிற்று.

இதைவிடப் பெரிய தப்பு வேறொன்று நடந்துகொண்டிருந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை. இராஜம்மா மறுபடி வந்தாள். மறுபடியும் வந்தாள். ஆறு வருஷத்தில் ஏழு தடவை. வரும்போதெல்லாம் வேலியோரம் வளர்த்த முருங்கைக்கீரையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவாள். நல்லம்மாளைவிட எட்டு வயது சின்னவள், சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்கிற பழக்கம், புருஷன் அடித்து முன்பல் போவதற்கு முந்தியே இருந்த பழக்கம். "உங்களுக்கு வலிக்குதாக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "எனக்கென்ன, தனிக்கட்டை, தாங்கிக்குவேன்" என்பாள் நல்லம்மாள். உண்மையில் அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. யாருக்கும் உதவாத குழுவில் தன் உடம்பாவது உதவுகிறதே என்று நினைத்தாள். நன்றாக நினைத்தாள், பாவம். இராஜம்மா இங்கிருந்து சுத்தமான முகத்தோடு கிள்ளானுக்குத் திரும்புவாள். லோரி ஓட்டிவிட்டு வருகிற புருஷன் அந்த முகத்தைப் பார்ப்பான். நேற்று அடித்ததற்கு அடையாளமே இல்லை. அப்படியென்றால் அடித்தது அவ்வளவு பெரிய அடி இல்லை என்று அவனுக்குப் படும். ஒரு தடவை அவள் துணிந்து போலீஸ் நிலையத்துக்குப் போனாள். காயம் எங்கே காட்டு என்றார்கள். காட்ட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், இந்தப் பொம்பளை சும்மா கத்துகிறாள் என்று ஜன்னலைச் சாத்தப் பழகிக்கொண்டார்கள். இதையெல்லாம் ஏழாவது தடவை வந்தபோதுதான் இராஜம்மா சொன்னாள். அதுவும் குறையாகச் சொல்லவில்லை, பஸ் லேட்டு என்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கீரையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நல்லம்மாள் அன்றே இராமலிங்கத்திடம் சொன்னாள், இனி யாருக்கும் மொழிபெயர்க்க மாட்டேன், முகத்தில் இருப்பது முகத்திலேயே இருக்கட்டும் என்று. மாடிப்படியில் காத்திருந்த பெண்களுக்குக் கோபம். ஒருத்தி காலில் விழுந்தாள். நல்லம்மாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் ஒரு தடவை திறந்த வழி அவள் கதவைச் சாத்தியதால் மூடிக்கொள்ளவில்லை.

1985 பிப்ரவரி, காலை பத்து மணி. பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் சீன மீன்காரன் ஆ லீயின் கடையில் நல்லம்மாள் கெம்போங் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாட்சியும் இல்லை, படிவமும் இல்லை, அவள் வாயைத் திறக்கவும் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள் மூச்சுக்குத் திணறி மீன் மேடையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் தடம், நடுவில் இரண்டு கட்டைவிரல், ஒவ்வொன்றாக எழும்பி வருவதை ஆ லீ பார்த்தான். ஐஸை அள்ளித் துணியில் கட்டிக் கழுத்தில் வைத்தான். தமிழ்ப் பாசாரில் வளர்ந்தவன், "யாரும்மா, யாரு?" என்று சுற்றுமுற்றும் பார்த்தான். சுற்றிலும் மீன் வாங்குகிறவர்கள்தான் நின்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் கிள்ளானிலிருந்து தகவல் வந்தது. இராஜம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். புருஷன் சுடுகாட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம். பார்த்தவர்கள் எல்லாம், பாவம், நல்ல மனுஷன் என்றார்களாம்.

நல்லம்மாள் மூன்று நாள் எதுவும் சாப்பிடவில்லை. "நான்தான் அவ முகத்தத் தொடச்சுத் தொடச்சு அனுப்பினேன்" என்று இராமலிங்கத்திடம் சொல்லிச் சொல்லி அழுதாள். கூட்டாமல் குறைக்காமல் பேசிப் பழகிய வாய், அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. நாலாம் நாள் போலீஸுக்குப் போய்க் கழுத்தைக் காட்டினாள். அங்கே இருந்தவர் மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்கார வைத்து, உங்களை யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். என்னை யாரும் செய்யவில்லை, இது கிள்ளானில் இறந்துபோன ஒருத்தியுடையது என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டார். இராஜம்மாவைக் கொன்றதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி நல்லம்மாளின் கழுத்து. அந்தக் கழுத்தை அத்தாட்சியாக ஏற்கக்கூடிய ஒரே இடம், தடம் மாறுவதைக் கூட்டக் குறிப்பில் டைப் அடித்து வைத்திருந்த அந்த மேல்மாடிக் குழு. சட்ட அதிகாரியைக் கேட்டார்கள். தடம் இவர் உடம்பில் இருப்பதால் இவரே சாட்சியாகலாம், ஐந்து உறுப்பினர் முன்னால் உட்கார்ந்து, அந்த ஆளின் பெயரைத் தன் வாயால் சொன்னால், அது நாடாளுமன்ற ஏட்டில் ஏறும், ஏறினால் போலீஸ் விசாரித்தே ஆக வேண்டும் என்று எழுதினார். அவர் எழுதியதிலேயே உருப்படியான கடிதம் அதுதான். ஆக, வேண்டியது ஐந்து பேர்.

அடுத்த வருஷம் அம்பாங் தங்கமணி மாடிப்படி ஏறி வந்தாள். அவள் புருஷன் சம்சுச் சாராயம் குடித்துக் குடித்துக் குடல் வெந்து செத்திருந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வெறும் நெற்றியோடு நேரே இங்கே வந்து, "இனிமே அவருக்குக் கொறைய என்னக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு, புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் சேர்த்து மூன்று தடவை உரக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல நல்லம்மாளின் தோளில் நாலு வருஷமாகக் கிடந்த சூட்டுத் தழும்பு மறைந்தது. அன்றைக்குக் குழுவில் இரண்டு பேர்தான். ஏட்டில் எதுவும் ஏறவில்லை, தடமும் போய்விட்டது. இராமலிங்கம் இதைக் கவனித்துக்கொண்டார். நல்லம்மாளும் கவனித்தாள். அதற்குப் பிறகு வருஷத்துக்குப் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று வந்தார்கள். லோரி கவிழ்ந்து சில புருஷன்மார் போனார்கள், சர்க்கரையில் சிலர், இன்னொருத்தியோடு ஓடிப்போய் உயிரோடிருந்தும் செத்தவர் கணக்கில் சேர்ந்தவர்கள் சிலர். செலாயாங் மொத்த மார்க்கெட்டில் காய் விற்கும் ஒருத்தி புருஷன் உயிரோடு நன்றாக இருக்கும்போதே வந்து, "கொறஞ்சா கொறையட்டும்" என்று பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு புவான் ஜமிலா வெகுநேரம் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று, நல்லம்மாளின் உடம்பில் கடைசியில் மிஞ்சியவை இராஜம்மாவின் தடங்கள் மட்டும், அவற்றில் பெரியது கழுத்துத் தடம். அதன் பெயரைச் சொல்ல வேண்டியவள் கிள்ளான் சுடுகாட்டில் சாம்பலாகிவிட்டாள்.

இனி அவள் சார்பில் நல்லம்மாள்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவைதான் சொல்ல முடியும், சொன்னால் தடம் போய்விடும். ஐந்து பேர் இருக்கும்போது சொன்னால் இராஜம்மாவுக்கு நியாயம். நாலு பேர் இருக்கும்போது சொன்னால் இராஜம்மா இதயம் நின்று செத்தவள். அதனால் நல்லம்மாள் கூட்ட நாளெல்லாம் குளித்து, நல்ல சேலை கட்டி, சாட்சி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இராமலிங்கம் தலை எண்ணுவார். மூன்று. இரண்டு. நாலு. மூன்று. நோன்பு மாதம் என்பார்கள், தேர்தல் என்பார்கள், கட்சிப் பேராளர் மாநாடு என்பார்கள், ஃபெடரல் ஹைவேயில் ஜாம் என்பார்கள். ஒரு தடவை ஐந்து தலை தெரிந்தது. பார்த்தால் ஐந்தாவது, தலைவரின் டிரைவர், ஃபேனுக்காக வந்து உட்கார்ந்திருந்தார். 1989இல் ஒருநாள் உண்மையாகவே ஐந்து பேர் வந்துவிட்டார்கள். இராமலிங்கம் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். நல்லம்மாள் சத்தியம் செய்தாள், நடந்ததைச் சொன்னாள், மூன்றாவது கட்டத்துக்கு வந்தாள், வாயைத் திறந்தாள். ஓர் உறுப்பினரின் இடுப்பில் பேஜர் அடித்தது. ஒரு நிமிஷம் என்று எழுந்து போனார். திறந்த வாயைத் திறந்தபடி வைத்துக்கொண்டு நல்லம்மாள் காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து இராமலிங்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், எழுந்து போனவருடைய கார் நிறுத்தியிருந்த இடத்தில் வேறொரு கார் நின்றது. புவான் ஜமிலாதான் எழுந்து வந்து நல்லம்மாளின் தாடையை மெல்லத் தொட்டு வாயை மூடிவிட்டார்.

1993இல் குழுவைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசி நாள் வந்தவர் புவான் ஜமிலா ஒருவரே. முட்டி வலி வந்து, மாடிப்படியை நின்று நின்று ஏறினார். ஆறு காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மலாயில் மெதுவாகச் சொன்னார்: "என்னிடம் சொல், நல்லா. எட்டு வருஷம் சுமந்துவிட்டாய். சொல்லிவிட்டு நிம்மதியாக இரு."

நல்லம்மாளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. எட்டு வருஷமாக அவளால் சோறு விழுங்க முடியவில்லை, கஞ்சிதான். படுத்தால் மூச்சு அடைக்கும் என்று உட்கார்ந்தே தூங்கினாள். பெயர் நாக்கின் நுனியில் இருந்தது.

"சொன்னா போயிடும் புவான். இது போயிட்டா ராஜம்மாவுக்கு வேற என்ன இருக்கு? அவ கொடுத்த கீரையத் தின்னவ நான்."

புவான் ஜமிலா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து மூன்றாகப் பங்கிட்டார். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நல்லம்மாள் தன் பங்கைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டாள். இராமலிங்கம் கடைசிக் குறிப்பை டைப் அடித்தார்: வந்தவர் ஒருவர், ஐவர் சேரவில்லை, சாட்சி காத்திருக்கிறார்.

பிறகு சட்டம் வந்தது. வேறு பெண்கள், வேறு இடங்களில் வருஷக்கணக்காகப் போராடி வாங்கிய சட்டம். தினசரியில் படித்தபோது நல்லம்மாள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். அதில் 1985க்கு இடம் இருக்கவில்லை. கிள்ளான் லோரிக்காரன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு அதே வீட்டில் இருக்கிறான். புதிய மனைவியின் முகத்தில் தடம் இருக்கிறது. அவள் அதைத் துடைக்காமல் வைத்துக்கொண்டு நேரே போலீஸுக்குப் போனாள், பெயரையும் சொன்னாள் என்று ஒரு பேச்சு. உண்மையாக இருக்கட்டும். மேல்மாடியைக் காலி செய்தபோது இராமலிங்கம் ஏழு நாற்காலியில் ஐந்தைக் கேட்டு வாங்கி, நல்லம்மாளின் அறையில் சுவரோரம் வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தூசி தட்டிவிட்டுப் போகிறார். நாடாளுமன்றம் கூடுகிற முதல் நாளெல்லாம் நல்லம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசல் காவலரிடம் போய், பெண்களுக்குக் குழு ஏதும் அமைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வருகிறாள்.

அந்தப் பெயரை இப்போது பிரிக்பீல்ட்ஸில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. அவள் சொன்னால்தான் தடம் போகும், மற்றவர் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று இராமலிங்கம் விளக்கியும் கேட்கவில்லை, எதற்கு வம்பு என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைப்பதில்லை, பத்துமலைக்காரருக்கு வேறு பெயருக்கா பஞ்சம். ஏற்கனவே வைத்திருப்பவர்களைத் தம்பி என்றும் அங்கிள் என்றும் கூப்பிட்டுச் சமாளிக்கிறார்கள். இங்கே எழுதியதிலும் அது இல்லை. ஆ லீ தினமும் அவளுக்கென்று முள் குறைந்த மீனை எடுத்து வைக்கிறான். கழுத்தைப் பார்ப்பான், தடம் அப்படியே கருநீலமாக இருக்கும்.

"அஞ்சு பேர் வந்தாச்சா மா?"

"இன்னும் இல்ல" என்பாள் நல்லம்மாள். அவன் மீனைச் செதில் தேய்த்துச் சுத்தம் செய்து கொடுப்பான், அவள் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.